பெண் வேட்பாளர் பயிற்சி வகுப்பு: என் மதிப்பீடு
நகராட்சித் தேர்தலில் போட்டியிட விரும்பும் பெண்களுக்காக மொரீஷியஸின் ரோஸ் ஹில் நகரில் நடந்த இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் என் தங்கையுடன் கலந்துகொண்டேன். ஒரு கட்சி நிறுத்தும் வேட்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பாலினத்தவராக இருக்கக் கூடாது என்று மொரீஷியஸின் 2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் விதிப்பதையும், அந்த விதி வேட்பாளர் பட்டியலோடு நின்றுவிடுவதால் மன்றத்தில் இடம் எதுவும் உறுதியாவதில்லை என்பதையும், பயிற்சியளித்த அம்மையார் மிகத் தெளிவாக விளக்கினார். வகுப்பின் சிறந்த பகுதி இதுவே. மேடைப் பேச்சுப் பயிற்சியும் நன்று. ஆனால் தேர்தல் செலவுக் கணக்குக்கு அரை மணி நேரமே ஒதுக்கியது பெருங்குறை, ஏனெனில் எனக்குத் தெரிந்த பெண்கள் பலர் பணத்தை நினைத்துத்தான் பின்வாங்குகிறார்கள். பாடக்குறிப்புகளை இங்கு பெரும்பாலோர் பேசும் கிரியோல் மொழியிலும் தந்திருந்தால், கோவில் மாதர் குழுவிலிருந்து வந்த மூத்தவர்களும் துணிந்து கேள்வி கேட்டிருப்பார்கள். இருந்தாலும் அடுத்த வகுப்புக்கும் தங்கையை அனுப்புவேன்.