ஆர்ச் வாசக்கதவு வரைய எது தோது? ஸ்கெட்ச்அப், ரெவிட், இன்னும் மூன்று

புதுச்சேரியில் வீடு கட்ட நினைப்பவர்கள் பிரெஞ்சுத் தெருக்களில் ஒரு சுற்று போய்விட்டுத்தான் எங்களிடம் வருவார்கள். கைப்பேசியில் ஒரு படம் இருக்கும். மஞ்சள் சுவர், மேலே வளைந்த மரக்கதவு. "இதே மாதிரி வேணும் சார்."

சதுரக் கதவு என்றால் எந்த மென்பொருளிலும் அரை நிமிட வேலை. ஆர்ச் வந்தால்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும். அதனால் ஒரே கதவை ஸ்கெட்ச்அப், ரெவிட், ஃப்ரீகேட், சீஃப் ஆர்க்கிடெக்ட், ஸ்வீட் ஹோம் 3டி என்ற ஐந்து வரைபட மென்பொருள்களிலும் போட்டுப் பார்த்தேன். நிலையின் வெளி அகலம் 4 அடி. வளைவு தொடங்கும் மட்டத்திலிருந்து உச்சி வரை, அதாவது ரைஸ், 1 அடி. நிலைச்சட்டம் 3 அங்குலம், செங்கல் சுவர் 9 அங்குலம், இரட்டைக் கதவு. முழு அரைவட்டம் இல்லை, அதைவிடத் தட்டையான வளைவு.

இதற்கு ரேடியஸ் கண்டுபிடிப்பது சுலபம். அகலத்தை அகலத்தால் பெருக்கி, ரைஸின் எட்டு மடங்கால் வகுத்து, ரைஸில் பாதியைக் கூட்ட வேண்டும். 48 × 48 = 2304, அதை 96ஆல் வகுத்தால் 24, அதோடு 6. ஆக 30 அங்குலம்.

முதல் தடவை வரைவதில் எந்த மென்பொருளும் சோடை போகாது. வீட்டுக்காரர் மறுபடி வந்து, "பீரோ உள்ளே போகணும், நாலரை அடியா ஆக்கிடுங்க" என்பார் பாருங்கள், அங்கேதான் விஷயம். ரைஸ் 12 அங்குலமாகவே இருக்கட்டும் என்றால் ரேடியஸ் 36⅜ ஆகிவிடும். ரேடியஸ் 30ஆகவே இருக்கட்டும் என்றால் ரைஸ் ஏறக்குறைய 17 அங்குலம், உச்சி 5 அங்குலம் மேலேறி சன்ஷேடை முட்டும். இரண்டில் எது வேண்டும் என்று நாம் சொல்வதை மென்பொருள் கேட்கிறதா? நான் மதிப்பெண் போட்டது இதற்குத்தான்.

ஸ்கெட்ச்அப்பில் ஆரம்பிக்கிறேன், எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறோம். செவ்வகம் போட்டு, ஆர்க் கருவியால் இரண்டு முனையைத் தொட்டு, 12 அங்குலம் என்று தட்டினால் வளைவு ரெடி. நிலையின் ஓரத்தில் பீடிங், அதாவது உருண்ட விளிம்புப் பட்டை, வேண்டுமா? அதன் குறுக்குவெட்டை ஒரு மூலையில் வரைந்து ஃபாலோ மீ கருவியால் வளைவின் மேல் ஓட்டிவிடலாம். அந்த வேலையில் இதற்கு ஈடு இந்த ஐந்தில் எதுவும் இல்லை. வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே பலகையை மாற்றலாம், குமிழை மாற்றலாம்.

ஆனால் அதன் வளைவு உண்மையில் வளைவே இல்லை. ஒரு ஆர்க்கை வழக்கமாக 12 நேர்கோட்டுத் துண்டுகளாகத்தான் போடும். இது தெரிந்திருந்தும் ஒருமுறை கவனிக்காமல் அப்படியே 1:1 அளவில் பிரிண்ட் எடுத்து ஆசாரியிடம் கொடுத்துவிட்டேன். அவர் தாளைத் தரையில் விரித்து, மெல்லிய ரீப்பர் ஒன்றை வளைத்துக் கோட்டின் மேல் வைத்தார். "தம்பி, இது வட்டமா, பலகோணமா?" எங்கள் கதவின் கணக்கில் ஒவ்வொரு துண்டும் 4.6 அங்குல நீளம், நடுவில் உண்மையான வளைவிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகும். இழைப்புளி பிடிக்கிற கைக்கு அது பெரிய பள்ளம். வரையும்போதே 48s என்று தட்டினால் 48 துண்டாகும், விலகலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். தட்ட ஞாபகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாலரை அடிச் சோதனையில் ஸ்கெட்ச்அப் விழுந்தது. ஸ்கேல் கருவியால் பக்கவாட்டில் இழுத்தால் வட்ட வளைவு நீள்வட்டமாகிறது, 3 அங்குல நிலைச்சட்டமும் 3⅜ ஆகித் தடிக்கிறது. திரையில் அழகாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் வளைவை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இன்னொன்று, ஒரே பொருளாகக் கட்டி வைத்த கதவு (காம்பொனன்ட்) சுவரில் ஒரு முகத்தை மட்டுமே தானாக வெட்டும். 9 அங்குலச் சுவரின் மறுபக்கத்தை நாமே கையால் திறக்க வேண்டும்.

ரெவிட் இதற்கு நேர் எதிர். முதல் கதவுக்கு எனக்கு ஒரு முழு மதியம் போனது. கதவு டெம்ப்ளேட்டில் சுவர்த் திறப்பு செவ்வகமாகவே வரும். அந்த ஸ்கெட்சைத் திறந்து மேல்கோட்டை நீக்கி ஆர்க் வைக்க வேண்டும். அடுத்து அதன் மையத்தைக் கட்டிப்போட வேண்டும். பண்புகளில் மையக்குறியைக் காட்டச் சொல்லும் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால்தான் மையத்தைப் பிடித்து நடுக்கோட்டோடு பூட்ட முடியும். இது தெரியாமல் ஆர்க் ஏன் ஓடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். கடைசியாக, மேலே சொன்ன ரேடியஸ் கணக்கை அப்படியே ஃபார்முலாவாக எழுதிவிட வேண்டும். ரைஸை அகலத்தில் பாதி என்று கொடுத்தால் அதே கணக்கு தானாக அரைவட்டத்தைத் தரும்.

அந்த மதியத்தின் கூலி பிறகு கிடைக்கும். 48ஐ 54 ஆக்கினால் நிலை, பலகை, சுவர்த் திறப்பு, கதவுப் பட்டியல் எல்லாம் ஒரே தட்டலில் மாறும், நிலைச்சட்டம் 3 அங்குலமாகவே இருக்கும். ஆனால் ஒரே ஒரு வாசலுக்காக ரெவிட் வாங்குவது, கொசு அடிக்கக் கோடாலி தூக்குவதுதான்.

காசு செலவில்லாமல் அதே ஒழுங்கு வேண்டுமென்றால் ஃப்ரீகேட். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து பிஐஎம் பகுதி, அதாவது சுவர், கதவு என்று கட்டடமாகவே வரையும் பகுதி, உள்ளேயே சேர்ந்துவிட்டது. ஸ்கெட்சில் வளைவுக்கு அகலமும் ரைஸும் கொடுத்துப் பூட்டி, அதிலிருந்தே கதவை உருவாக்கினால் சுவரையும் அதே வடிவத்தில் வெட்டிக்கொள்ளும். முகப்புப் படம் மட்டும் வீட்டுக்காரரிடம் காட்டும்படி இருக்காது.

சீஃப் ஆர்க்கிடெக்ட் சோம்பேறிகளின் நண்பன், நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். கதவின் பண்புகளில் ஆர்ச் என்று ஒரு பக்கம் உண்டு. வகையைத் தேர்ந்து உயரம் கொடுத்தால் நிலையும் சுவரும் பின்னாலேயே வளையும். ஆனால் அது அமெரிக்க மரச்சட்ட வீடுகளை மனதில் வைத்துச் செய்தது. நம் கனமான நிலையும் செதுக்கிய பலகையும் வேண்டுமென்றால் தனியாக வரைந்து உள்ளே கொண்டுவர வேண்டும். ஸ்வீட் ஹோம் 3டியில் கதவை வரையவே முடியாது, வேறெங்கோ செய்ததை இறக்குமதி செய்யலாம். சுவர் வெட்டு இயல்பாகச் செவ்வகம். வளைவாக வெட்ட அந்த வடிவத்தை எஸ்விஜி பாதையாக, அதாவது கோட்டை எழுத்தும் எண்ணுமாகச் சொல்லும் முறையில், எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் தானே அறைகளை அடுக்கிப் பார்க்க அது போதும்.

எதிலும் தானாகத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. நிலையைச் சுவரின் நடுவில் வைத்து, உட்பக்கச் சுவரும் அதே ஆர்ச்சாக இருந்தால் கதவு முழுதாகத் திறக்காது. இரட்டைக் கதவில் உயரமான முனை நடுவில் சேருமிடத்தில் இருக்கிறது. திறக்கும்போது அந்த முனை ஓரத்துக்குப் போகும். அங்கே ஆர்ச் தாழ்வு. முட்டும். ஒன்று நிலையை உட்புறச் சுவரோடு சமமாக வைக்க வேண்டும், இல்லை வளைந்த பகுதியை அசையாத கண்ணாடியாக்கி, கீழே மட்டும் சதுரக் கதவு போட வேண்டும். ஸ்கெட்ச்அப்பில் கதவைக் கையால் சுழற்றினால் மோதுவது தெரியும். ரெவிட் கதவுகளைப் பெரும்பாலும் மூடியபடியே வரைகிறோம், திறப்பு பிளானில் கோடாக மட்டும் வரும். அதனால் அங்கே கண்ணில் படாமலே போகலாம்.

என் வழக்கம் இப்போது இப்படி: வீட்டுக்காரரோடு பேசும்வரை ஸ்கெட்ச்அப். அளவு உறுதியாகிற கட்டத்திலும் அகலம் ஆடிக்கொண்டே இருந்தால் ரெவிட். ரெவிட் இல்லாத நண்பர்களை ஃப்ரீகேட் பக்கம் தள்ளிவிடுகிறேன். பலகைக் கணக்கை எதிலிருந்தும் அளந்துகொள்ளலாம். வளைந்த சட்டத்தை இரண்டு துண்டாகச் செய்தால் ஏறக்குறைய 6 அங்குல அகலப் பலகை வேண்டும், மூன்று துண்டு என்றால் 4¼ அங்குலம் போதும். தேக்கு விலையில் இந்த வித்தியாசத்தை வீட்டுக்காரர் உடனே புரிந்துகொள்வார்.

ஆசாரி இப்போதெல்லாம் என்னிடம் பிரிண்ட் கேட்பதில்லை. "ரேடியஸ் சொல்லுங்க தம்பி, ஆணி எங்க அடிக்கணும்னு சொல்லுங்க" என்பார். 30 அங்குலம், வளைவு தொடங்கும் மட்டத்துக்கு 18 அங்குலம் கீழே. பிளைவுட்டில் ஆணி அடித்து, ஒரு ரீப்பரை அதில் கோத்து, மறுமுனையில் பென்சில் வைத்து ஒரே இழுப்பு.