மணிக்கட்டு வலிக்குப் புது ஷார்ட் ஸ்கேல் பேஸா, கையில் இருக்கும் 34 அங்குலமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் மார்த்தாண்டத்தில் தொடங்கி களியக்காவிளை தாண்டி பாறசாலை வரைக்கும் சபைக்குச் சபை கரோல் பயிற்சி நடக்கும். இரண்டு மூன்று மணி நேரம் இடைவிடாமல் வாசிப்பு. இரண்டாவது வாரத்தில் பேஸ் கிட்டார் வாசிப்பவரின் இடது மணிக்கட்டு கடுக்கத் தொடங்கும், பெருவிரல் அடியில் குடைச்சல் வரும். அப்போது வரும் யோசனைகள் இரண்டுதான். ஒன்று, திருவனந்தபுரம் போய் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் ஒன்றை வாங்கிவிடு. மற்றது, இருக்கிற 34 அங்குலத்தையே கம்பி மாற்றி, செட்டப் (கம்பியின் உயரத்தையும் நெக்கின் வளைவையும் சரிசெய்வது) செய்து, விரல் வைக்கும் முறையையும் மாற்று. நான் தேர்ந்தது இரண்டாவதை. அதற்கே சாய்வாக எழுதுகிறேன். முதலாவது யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்கிறேன்.

ஸ்கேல் என்றதும் நம் ஊர்க் கொயர்க்காரர்கள் சுருதி என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே பேச்சு நெக் என்னும் கழுத்துத் தண்டின் தலைப்பக்கம் இருக்கும் நட்டிலிருந்து, மறுமுனையில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் சாடில் வரை கம்பி அதிரும் நீளத்தைப் பற்றியது. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் 1951இல் 34 அங்குலத்தில் வந்தது. அதுவே உலகம் முழுக்க வழக்கமான அளவாக நிலைத்தது. 1966இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் பேஸ் 30 அங்குலம். இபானெஸ் மைக்ரோ இன்னும் குட்டை, 28.6.

மேலோட்டமான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஷார்ட் ஸ்கேல் பெரும்பாலும் எடை குறைவு, தோளுக்கு நல்லது. ஈ கம்பி (இருப்பதில் தடித்தது) சற்றுத் தொளதொளப்பாக ஒலிக்கும். அதை விரும்புகிறவர்களும் உண்டு. அதற்கென்று வரும் கம்பி செட் எல்லாக் கடையிலும் இருக்காது. நீளக் கம்பியை வெட்டிப் போட்டால் தடித்த பகுதியே டியூனர் தண்டில் சுற்ற வேண்டி வரும், சுற்று அவிழ்ந்து கம்பி செத்துப்போகும். பிறகு விற்க நினைத்தாலும், நம் பக்கத்தில் கேட்பவர்கள் 34 அங்குலத்தைத்தான் கேட்பார்கள், அதிலும் ஐந்து கம்பியை.

இனி கையை உண்மையில் நோகடிப்பவை. விரல் விரிப்பு ஒன்று, அழுத்தும் பலம் மற்றொன்று.

விரிப்பை மில்லிமீட்டரில் பார்ப்போம். நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட் கம்பியிலிருந்து நான்காவது வரை ஏறக்குறைய 130 மி.மீ. ஷார்ட் ஸ்கேலில் அதே தூரம் 114. ஆக, புதுக் கருவிக்குக் கொடுக்கும் பணம் வாங்கித் தரும் மிச்சம் 16 மி.மீ. ஆனால் முதல் ஃப்ரெட்டில் நின்றுகொண்டு நான்கு விரலையும் நான்கு ஃப்ரெட்டுக்கு விரிக்க வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லை. டபுள் பேஸ் வாசிப்பவர்கள் சிமாண்டல் முறை என்று காலங்காலமாகச் செய்துவருவது ஒன்று, இரண்டு, நான்கு. ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து ஒரே விரலாக. இதில் கை மூன்று ஃப்ரெட்டுக்குள் நிற்கும். 34 அங்குலத்திலேயே முதல் ஃப்ரெட் கம்பியிலிருந்து மூன்றாவது வரை 89 மி.மீ.தான். நாலாவது ஃப்ரெட் தேவைப்பட்டால் விரலை நீட்டாமல் கையையே நகர்த்த வேண்டும். காசு செலவில்லாத இந்த மாற்றம் 41 மி.மீ. மிச்சப்படுத்துகிறது. பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், வேகமான இடங்களில் முதலில் தடுமாறும், அவ்வளவுதான். ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் நான்கு விரல் முறையே போதும்; அங்கே நான்கு ஃப்ரெட்டின் தூரம் 103 மி.மீ.க்குச் சுருங்கிவிடும்.

அழுத்தும் பலம் இதைவிட முக்கியம். ஒரே கம்பியை ஒரே சுருதியில் கட்டினால், 30 அங்குலத்தில் இழுவிசை 34இல் இருப்பதைவிட 22 சதவீதம் குறையும். ஷார்ட் ஸ்கேலை விரும்புகிறவர்கள் முன்வைக்கும் பெரிய வாதம் இதுதான், கணக்கும் சரிதான். ஆனால் 34 அங்குலத்தில் 45-105 செட்டைக் (கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கழற்றி 40-95 செட் போட்டாலும் கம்பிக்குக் கம்பி ஏறத்தாழ 15 முதல் 22 சதவீதம் குறையும். குழு முழுவதும் அரைச் சுருதி இறக்கிக் கட்டச் சம்மதித்தால் இன்னொரு 11 சதவீதம். ஒரு கம்பி செட்டின் விலையில் முடிகிற வேலைக்குப் புதுக் கருவி எதற்கு?

இழுவிசையை விடவும் கையைக் கொல்வது நட்டின் உயரம். என் முடிவைத் தீர்மானித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நட் என்பது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு. கடையிலிருந்து வரும் விலை குறைந்த பேஸ்களில் அதன் வெட்டு ஆழம் போதாமல், கம்பி முதல் ஃப்ரெட்டுக்கு மேலே 1 மி.மீ.க்கும் அதிகமாக எழும்பி நிற்பது சாதாரணம். தேவையானது ஏறக்குறைய அரை மி.மீ. இந்த அரை மி.மீ. வித்தியாசம் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தெரியாது. முதல் ஃப்ரெட்டிலோ, நட்டிலிருந்து 48 மி.மீ. தூரத்துக்குள் கம்பியை வளைக்க வேண்டியிருப்பதால், உயரம் இரட்டித்தால் அழுத்தும் பலமும் ஏறக்குறைய இரட்டிக்கும். எஃப் மேஜர், பி ஃபிளாட் பாட்டுகளில் ஆதார சுரம் விழுவதே ஈ கம்பியிலும் ஏ கம்பியிலும் முதல் ஃப்ரெட்டில்தான். அதாவது, அதிகம் அழுத்தும் இடமும் அதிகம் கடினமான இடமும் ஒன்று. அங்கே பெருவிரல் நெக்கின் பின்னால் இறுக்கிப் பிடிக்கிறது, மணிக்கட்டு மடங்குகிறது. அப்படியே மூன்று மணி நேரம்.

ஷார்ட் ஸ்கேலில் இழுவிசை குறைந்தாலும் நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் உள்ள தூரமும் 43 மி.மீ.க்குச் சுருங்குகிறது. நட் உயரம் அதேபோல் இருந்தால் முதல் ஃப்ரெட்டில் கிடைக்கும் லாபம் 12 சதவீதம் அளவுக்குத்தான். புதிதாக வாங்கிய ஷார்ட் ஸ்கேலையும் செட்டப்புக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காமல் வாசித்தால் வலி கூடவே வரும்.

சோதிப்பது எளிது. ஈ கம்பியை இரண்டாவது மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை தெரிந்தால் போதும். ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட் உயரம் அதிகம். இதை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம். அதற்கென்று கம்பி அகலத்துக்கேற்ற அரம் உண்டு. ஹாக்சா பிளேடால் நோண்டி ஆழம் கூடிவிட்டால் வெறும் கம்பி தட்டும்போதெல்லாம் இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். கிட்டார் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மற்றதை வீட்டிலேயே செய்யலாம். வரிசை முக்கியம். முதலில் புதுக் கம்பி போட்டு, வாசிக்கும் சுருதிக்கே கட்டுங்கள். முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலும் ஈ கம்பியை ஒரே நேரம் அழுத்தி, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளியை அளக்கவும். 0.3 மி.மீ. அளவு சரி. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லையென்றால் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள், டேப்பட் சரிபார்க்க வைத்திருப்பார்கள். இடைவெளி கூடுதல் என்றால் நெக்குக்குள் இருந்து அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ராடை வலப்பக்கம் எட்டில் ஒரு சுற்று, அதிகம் போனால் கால் சுற்று இறுக்கி, மறுநாள் திரும்ப அளக்கவும். திருகு கெட்டியாக நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், பலம் கொடுக்க வேண்டாம். அதற்குப் பிறகுதான் சாடில் உயரம்: பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ கம்பி 2.4 மி.மீ., ஜி கம்பி 2 மி.மீ. கடைசியாக இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்கும்படி சாடிலை முன்பின் நகர்த்துவது.

மெல்லிய கம்பிக்கு மாறுகிறவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. இழுவிசை குறைந்ததும் நெக் நிமிர்ந்துவிடும், கீழ் ஃப்ரெட்டுகளில் இரைச்சல் வரும். உடனே சாடிலை உயர்த்திவிடுவார்கள்; ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரமான ஆக்‌ஷனும் கூடிவிடும். கையை மிச்சப்படுத்தப் போட்ட கம்பி, உயர்ந்த ஆக்‌ஷனால் திரும்பவும் கையைப் பிழியும். செய்ய வேண்டியது ட்ரஸ் ராடை எட்டில் ஒரு சுற்று தளர்த்துவது.

இந்தச் செட்டப் ஒருமுறை செய்தால் ஆயுசுக்கும் நிற்காது. குமரி மாவட்டத்துக்கு ஜூன் முதல் ஒரு மழை, அக்டோபர் முதல் இன்னொரு மழை. நடுவில் பிப்ரவரி, மார்ச் வெயில். கட்டை ஈரம் குடித்து, விட்டு, திரும்பக் குடிக்கும். நெக் எந்தப் பக்கம் வளையும் என்பது கட்டைக்குக் கட்டை மாறும், ஆகவே ஊகிக்காமல் அளக்க வேண்டும். ஜூன் நடுவில் ஒருமுறை, நவம்பரில் கரோல் பயிற்சிக்கு முன் ஒருமுறை, வெயில் ஏறியதும் ஒருமுறை: வருஷத்துக்கு மூன்று. மழைபடும் வெளிச்சுவரில் மாட்டி வைக்காதீர்கள்.

குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரச் சபைகளில் இன்னொரு தொல்லை. உப்புக் காற்றில் சாடிலின் பொடித் திருகுகள் துருப்பிடித்து இறுகிப்போகும், ஆலன் கீயின் முனை வழுக்கி, திருகின் குழி வட்டமாகிவிடும். அதற்குப் பிறகு ஆக்‌ஷனை இறக்க வழியில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை ஒவ்வொரு திருகிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் அடியோடு துடைக்க வேண்டும். துரு ஏறிய கம்பியில் விரல் நகர மறுக்கும், அதற்கும் கைதான் பலம் கொடுக்கும். இவ்வளவு பராமரிப்பு ஷார்ட் ஸ்கேலுக்கும் அதேபோல் தேவை என்பதை மறக்க வேண்டாம்.

வலது கைக்கு எந்த ஸ்கேலும் மருந்தில்லை. முழங்கை மடிப்பை பேஸ் உடலின் விளிம்பில் ஊன்றி, மணிக்கட்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுத் தட்டுகிறவர்களுக்கு அந்தப் பக்கம் வலி வரும். தோளில் மாட்டும் பட்டையைச் சரிசெய்து, உட்கார்ந்து வாசிக்கும் உயரத்திலேயே நின்றாலும் பேஸ் இருக்குமாறு வையுங்கள், நெக் தலையைச் சற்றே தூக்குங்கள். அதோடு, பெரும்பாலான மேடைகளில் பேஸ்காரருக்குத் தன் சத்தமே கேட்பதில்லை. ஸ்பீக்கர் பாக்ஸ் முன்னால் சபையைப் பார்த்து இருக்கும், பக்கத்தில் டிரம்ஸ். கேட்காததால் ஓங்கித் தட்டுகிறார், இடது கையும் கூடவே இறுகுகிறது. ஆம்ப்பை ஒரு நாற்காலி மேல் தூக்கி, காதுப் பக்கம் திருப்பி, ஒலியைக் கூட்டி, மெதுவாகத் தட்டுங்கள். இறக்கிய ஆக்‌ஷனில் இரைச்சல் வராமல் இருக்கவும் இதுவே வழி.

ஷார்ட் ஸ்கேல் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், உள்ளங்கை சிறியவர்கள், விரல் மூட்டு வாதம் இருப்பவர்கள், தோள் வலியால் எடை தூக்க முடியாதவர்கள் தயங்காமல் அதையே வாங்கலாம். இடது கை நீட்டி முதல் ஃப்ரெட்டைத் தொடும்போது முழங்கை முழுதாக நிமிர்ந்துவிடுகிறது என்றாலும் அதுதான் சரி. ஆனால் கடையில் பட்டையோடு மாட்டி, இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள். தலைப்பக்கம் கீழே சாய்ந்தால் அந்த நெக்கை இடது கைதான் எப்போதும் தாங்கிக்கொண்டிருக்கும். சிறிய உடல் கொண்ட சில மாடல்களில் இந்தக் குறை உண்டு. உள்பக்கம் சொரசொரப்பான அகலப் பட்டை ஓரளவு உதவும். நைலான் சுற்றிய கம்பிகளை நான் அதிகம் வாசித்துப் பார்த்ததில்லை, அதனால் அதை எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை.

தைலமும் கைக்கட்டும் மூன்றாவது வழி என்று சொல்வார்கள். வர்ம ஆசான்கள் வாழும் மாவட்டம் இது. முறிவெண்ணெய் தேய்த்தால் தசைப் பிடிப்புக்கு இதமாக இருக்கிறது. ஆனால் காரணம் நட்டில் இருக்கும்போது எண்ணெய் அதைத் தொடாது. கைக்கட்டைப் போட்டுக்கொண்டு வாசிப்பது இன்னும் மோசம், மணிக்கட்டு செய்ய வேண்டிய அசைவை விரலும் முழங்கையும் சுமக்கும்.

வலி வேறு, மரத்துப்போவது வேறு. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இரவில் மரத்து எழுப்பினால் மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால் முழங்கைப் பக்கத்து நரம்பு. கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது என்றால் கம்பி, நட் பேச்சையெல்லாம் தள்ளிவைத்து எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட்டை அவர் கொடுத்தால், அது தூங்கும்போது போடுவதற்கு.

கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு சோதனை. உங்கள் 34 அங்குலத்தை முழுச் சுருதி இறக்கி டி, ஜி, சி, எஃப் என்று கட்டி, இரண்டாவது ஃப்ரெட்டில் நல்ல இறுக்கமுள்ள காப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டுங்கள். மிச்சமிருக்கும் நீளம் 30.3 அங்குலம், சுருதி வழக்கமான ஈ, ஏ, டி, ஜி, இழுவிசையும் ஷார்ட் ஸ்கேலுடையதே. நட்டின் உயரமும் கணக்கிலிருந்து போய்விடுகிறது. ஒரு வாரம் இப்படி வாசியுங்கள். வலி அடங்கினால், கம்பியைப் பழைய சுருதிக்கே ஏற்றிக் காப்போவை எடுத்துவிட்டு, நட்டை இறக்கி, 40-95 போட்டு இன்னொரு வாரம். அதிலும் வலி திரும்பவில்லை என்றால் பணம் உங்களிடமே இருக்கட்டும். திரும்பினால் ஷார்ட் ஸ்கேலுக்குப் போங்கள். காப்போவோடும் அடங்கவில்லை என்றால் பிரச்சினை நீளத்தில் இல்லை. பட்டையையும், வலது கையையும், ஆம்ப் இருக்கும் இடத்தையும் பாருங்கள்.