பழைய பில்ட் ஸ்கிரிப்ட்கள்: புதுப்பிப்பதா, நீக்குவதா, மீசானுக்கு மாறுவதா?

ஆட்டோடூல்ஸ் (ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் ஆகிய பில்ட் கருவிகள்) வழியாகக் கட்டப்படும் பழைய சி ப்ராஜெக்ட் எதைத் திறந்தாலும் ரெப்போவின் வாசலிலேயே ஒரு கூட்டம் நிற்கும்: கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப், இன்ஸ்டால்-எஸ்எச், மிஸ்ஸிங், டெப்காம்ப், எல்டிமெயின்.எஸ்எச். இவற்றில் ஒன்றைக்கூட ப்ராஜெக்ட் ஆட்கள் எழுதியிருக்க மாட்டார்கள். ஆட்டோமேக்கும் லிப்டூலும் எப்போதோ போட்டுவிட்டுப் போன நகல்கள்.

அப்படியே கிடந்தால் என்ன என்று விட முடியாது. 64 பிட் ஏஆர்எம், ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர்கள் எல்லாம் வருவதற்கு முந்தைய கான்ஃபிக்.கெஸ், அந்த எந்திரங்களில் இது என்ன வகை என்று தெரியவில்லை எனச் சொல்லி நின்றுவிடும். லைப்ரரிகளைக் கட்டும் லிப்டூலின் நகலில் வரும் கோளாறு இன்னும் மோசம், சத்தமே போடாது. மேக்ஓஎஸ் 11 வந்ததும் பழைய லிப்டூலின் பதிப்புச் சோதனை அதன் அடிப்பகுதியான டார்வின் 20-ஐத் தவறாக வகைப்படுத்தி, எல்லா லைப்ரரிகளின் சிம்பல்களையும் (ஃபங்ஷன், மாறிப் பெயர்கள்) ஒன்றாகக் கலந்து தேடும் ஃபிளாட் நேம்ஸ்பேஸில் லைப்ரரியை இணைத்தது. பில்ட் பச்சை காட்டும். ஒரே பெயருள்ள இரண்டு சிம்பல்கள் மோதும்போதுதான் தெரியவரும்.

நகலைப் புதுப்பித்து வைத்துக்கொள்வது

மிகக் குறைந்த வேலை இதுதான். கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் இரண்டையும் குனு சவன்னா என்ற மூல நிரல் தளத்திலிருந்து எடுத்துப் பழையவற்றின் மேல் வைத்தால் போதும், வேறெதையும் தொட வேண்டாம். எல்டிமெயின்.எஸ்எச்சை அப்படித் தனியாக மாற்றக் கூடாது. ஏசிலோக்கல்.எம்4 என்ற மேக்ரோ கோப்புக்குள் இருக்கும் லிப்டூல் மேக்ரோவின் பதிப்போடு அது பொருந்தாவிட்டால், பதிப்பு முரண் என்று பில்ட் பாதியில் நிற்கும்.

கான்ஃபிகர்.ஏசியிலிருந்து ஆட்டோகான்ஃப் உருவாக்கும் கான்ஃபிகர் கோப்பையும் கமிட் செய்கிறீர்கள் என்றால் கட்டுப்பாடு தேவை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ப்ராஜெக்ட் இதை ஒழுங்காகச் செய்கிறது: ஆட்டோகான்ஃப் 2.69 தவிர வேறெதில் ஓட்டினாலும் அதன் கான்ஃபிகர்.ஏசி மறுத்துவிடும். இந்தப் பூட்டு இல்லாத இடத்தில், ஆளுக்கொரு லினக்ஸ் டிஸ்ட்ரோ, ஆளுக்கொரு பதிப்பு. ஒரு வரி மாற்றத்துக்கு ஆயிரக்கணக்கான வரி டிஃப் வரும், அதை யாரும் படிக்க மாட்டார்கள். இன்னொரு தொல்லை: கிட் கோப்பு நேரத்தைக் காப்பாற்றாது. குளோன் செய்ததும் கான்ஃபிகர்.ஏசியைவிட கான்ஃபிகர் பழையது என்று மேக் முடிவு கட்டி, உங்களிடம் இல்லாத ஆட்டோமேக் பதிப்பைத் தேடும்.

கிட்டிலிருந்து நீக்கி, வேண்டும்போது உருவாக்குவது

பெரும்பாலான ப்ராஜெக்ட்களுக்கு இதுதான் சரி. டெபியன் லினக்ஸில், பேக்கேஜ் கட்டும் டெப்ஹெல்பர் கருவியின் 10-ஆம் இணக்க நிலை முதல் ஆட்டோரீகான்ஃப் (இந்தக் கோப்புகளை மறுபடி உருவாக்கும் கட்டளை) இயல்பாகவே ஓடுகிறது. அங்கே உங்கள் நகலை ஏற்கெனவே தூக்கி எறிந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நீக்குவதற்கு முன் ஒரு வேலை. தனி கிளையில் ஆட்டோரீகான்ஃபை எஃப் (-f), ஐ (-i) இரண்டு ஆப்ஷனோடும் ஓட்டுங்கள். ஐ மட்டும் கொடுத்தால் இல்லாததைப் போடும், இருக்கும் பழைய நகலைத் தொடாது. பிறகு டிஃப் பாருங்கள். பதிப்பு எண், தேதி வரிகளைத் தாண்டி வேறு மாற்றம் தெரிந்தால், யாரோ பல வருடம் முன்பு எல்டிமெயினில் கைவைத்திருக்கலாம். அந்தத் திருத்தம் இன்றும் தேவையா என்று பார்க்காமல் நீக்கினால், அன்று சரிசெய்த பழைய பிழை திரும்பி வரும். எம்4 கோப்புறையில் ப்ராஜெக்ட்டே எழுதிய மேக்ரோக்களும் கலந்து கிடக்கும், கோப்புறையோடு நீக்கிவிடாதீர்கள்.

அதன்பின் துணை ஸ்கிரிப்ட்களுக்கு பில்ட்-ஆக்ஸ் என்று தனி இடத்தை கான்ஃபிகர்.ஏசியில் அறிவித்து, கிட்இக்னோரில் சேர்த்து, மேக் டிஸ்ட்செக் ஓட்டுங்கள். டார்பாலை (வெளியிடும் மூலக் கோப்புத் தொகுப்பு) விரித்து, எழுத முடியாத அந்த மூலக் கோப்புறையிலிருந்து கட்டிப் பார்ப்பதால், விடுபட்ட கோப்பு அங்கேயே மாட்டும்.

விலை இல்லாமல் இல்லை. பங்களிப்பவர் எல்லோரிடமும் ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், நிறுவிய லைப்ரரிகளைத் தேடித் தரும் பிகேஜி-கான்ஃபிக் எல்லாம் இருக்க வேண்டும். கடைசியது இல்லாவிட்டால் அதன் மேக்ரோ விரியாமல் கான்ஃபிகருக்குள் அப்படியே நின்று, புரியாத தொடரியல் பிழையாக வெடிக்கும். மேக்கில் பேக்கேஜ் நிறுவும் ஹோம்புரூவில், லிப்டூல் நகல்களைப் போடும் லிப்டூலைஸ் கட்டளையின் பெயர் ஜிலிப்டூலைஸ்.

டார்பாலில் இருப்பதும் கிட்டில் இருப்பதும் வேறாகிவிடுவது இதைவிடப் பெரிய விஷயம். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழைய வைத்த வழி) ஒளிந்திருந்தது இந்த இடைவெளியில்தான்: அதை இயக்கிவிடும் எம்4 கோப்பு 5.6.0, 5.6.1 டார்பால்களில் மட்டும் இருந்தது, கிட்டில் இல்லை. மறுபடி ஆட்டோரீகான்ஃப் ஓட்டுவதே காப்பு என்று நம்பவும் வேண்டாம், டெபியனில் அது ஓடியும் பின்கதவு உள்ளே வந்தது. டார்பாலை ஒருவரின் லேப்டாப்பில் கட்டாமல் சிஐயில் (தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பு) கட்டி, கோப்புப் பட்டியலை கிட் டேக்கோடு ஒப்பிடுங்கள்.

மீசானுக்கு மாறுவது

மீசான், ஆட்டோடூல்ஸுக்குப் பதிலாகப் பயன்படும் இன்னொரு பில்ட் கருவி. மாறினால் ஸ்கிரிப்ட் குப்பை ஒரேயடியாகப் போகும், பில்ட் வேகமும் கூடும். ஆனால் சுத்தம் செய்வதற்காக மட்டும் இதில் இறங்குவது அதிகப்படி. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2023-இல் 16-ஆம் பதிப்பில் மீசானைச் சேர்த்தது. விண்டோஸுக்கான தன் பழைய பெர்ல் ஸ்கிரிப்ட்களை 17-இல்தான் நீக்கியது. ஆட்டோகான்ஃப் அதன் பின்னும் இருந்தது. இரண்டும் இருக்கும்வரை ஒவ்வொரு புதிய கோப்பையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும்.

அதிகம் சறுக்குவது லைப்ரரியின் பதிப்பு எண்ணில். லிப்டூலில் 7:2:3 என்றிருந்தால் லினக்ஸில் சோநேம் (நிரல்கள் லைப்ரரியைத் தேடும் பெயர்) எண் 7 அல்ல. ஏழிலிருந்து மூன்றைக் கழித்த 4, முழுப் பெயரின் முடிவு 4.3.2. மீசானில் சோவெர்ஷனுக்கு 7 என்று போட்டால், அந்த லைப்ரரியை நம்பிய எல்லா நிரல்களும் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கும். இரண்டு முறையிலும் தனித்தனி டெஸ்ட்டிர் (தற்காலிக நிறுவல்) கோப்புறைக்குள் நிறுவி, கோப்பு மரங்களை ஒப்பிட்டு, ரீட்எல்ஃப் கருவியில் சோநேமைப் பாருங்கள். லிப்டூல் உருவாக்கும் எல்ஏ கோப்புகள் காணாமல் போவது எதிர்பார்த்ததே. பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் பிசி கோப்பில் ஒரு வரி குறைந்திருந்தாலும் பழைய பில்டை நீக்காதீர்கள்.