கடுகு விழும் தண்டவாளம்: சமையலறைக் கண்ணாடிக் கதவோடு 7 ஆண்டுகள்

போன சனிக்கிழமை எங்கள் சமையலறைக் கதவின் உருளைகளை மாற்றினோம். 6 உருளைகள், கூலியோடு சேர்த்து 190 சிங்கப்பூர் வெள்ளி. அந்த எரிச்சல் ஆறுவதற்குள், என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் திங்கட்கிழமை கேட்டார்: "அண்ணே, தெங்கா புதுநகரில் வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. உங்கள் வீட்டில் இருக்கிறதே அந்தக் கண்ணாடிக் கதவு, அதையே நாங்களும் போடலாம் என்று பார்க்கிறோம். எப்படி இருக்கிறது?" தேநீர் இடைவேளை 15 நிமிடம்தான். பதில் அதற்குள் அடங்கவில்லை.

எங்களுடையது அங் மோ கியோவில் ஒரு பழைய நாலறை வீடு. மறுவிற்பனையில் வாங்கி 2018இல் புதுப்பித்தோம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஒரு குறுகிய வாசல். பகலிலும் விளக்கைப் போட்டால்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும். பாரம் தாங்கும் சுவர் இல்லை என்று உறுதியானதும், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதியோடு அதை இடித்தோம். மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டி, வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் இடிக்கலாம் என்ற விதிக்கு உட்பட்டு, இரண்டே நாளில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் முடித்துவிட்டார்கள். அலமாரி, ஓடு, விளக்கு, போட்ட கணக்கைத் தாண்டிய செலவு எல்லாம் எல்லார் வீட்டுக் கதைதான், விட்டுவிடுகிறேன். சுவர் இருந்த இடத்தில் கருப்பு அலுமினியச் சட்டம் போட்ட மூன்று கண்ணாடிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கும். விலை 1,700 வெள்ளி.

கடையில் மாதிரிக்கு வைத்திருந்த கதவை ஒரு விரலால் தள்ளினேன், ஓடிப் போய் நின்றது. அந்தக் கடையில் யாரும் தாளிப்பதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தரையில் பதித்த அந்தப் பட்டையைக் குனிந்து பார்த்தால்தான் நான் சொல்வது புரியும். மூன்று பள்ளங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் உருளை ஓடுவதற்கு ஒரு மெல்லிய மேடு. மேட்டின் இரண்டு பக்கத்திலும், கடுகுக்கென்றே அளவெடுத்து அடித்ததுபோல், இடம் விட்டிருக்கிறார்கள். எரிவாயுக் குழாய் ஏறி வரும் இடத்தை ஒட்டி அடுப்பை வைத்தோம். அது கதவிலிருந்து ஒரு கை தூரம்கூட இல்லை. எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தால் பத்தில் எட்டு வாணலியில் கிடக்கும், இரண்டு துள்ளித் தரைக்கு வரும். வந்தது துடைப்பத்தோடு நகர்ந்து பள்ளத்தில் இறங்கும். அதன் பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது. துடைப்பம் உள்ளே போகாது. தூசி உறிஞ்சியின் வாய் அகலம். ஈரத்துணியால் துடைத்தால் கடுகு மூலைக்கு ஓடி, அங்கே ஏற்கெனவே இருக்கும் உளுத்தம்பருப்போடு சேர்ந்துகொள்ளும். அதன் மேல் உருளை ஏறும்போது 'டக்' என்று ஒரு சத்தம். இரவு 11 மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனால் வீடே எழுந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பல் பிரஷும் ஐஸ் குச்சியும் எடுத்துக்கொண்டு தரையில் உட்காருவது என் வேலை. இந்தக் கதவுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான் என்பதால் வேறு யாரையும் கேட்க வழியில்லை. கடுகு போட்டதும் வாணலியை மூடினால் என்ன என்று மனைவியிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "நான் உங்களுக்குச் சமைக்கிறேனா, கதவுக்குச் சமைக்கிறேனா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காகப் பொய் சொல்லக்கூடாது. எதற்காகப் போட்டோமோ அந்த வேலையை இந்தக் கதவு 7 ஆண்டுகளாகச் சரியாகச் செய்கிறது. மூடிவிட்டால் மீன் பொரிக்கும் வாசம் கூடத்துக்கு வருவதே இல்லை என்று சொல்லலாம். வெளிச்சம் மட்டும் வருகிறது. உள்ளே மனைவி கரண்டியால் காட்டும் சைகைகளை எல்லாம் நான் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை ஆட்டினால் தேங்காய் துருவ வேண்டும், இரண்டு முறை ஆட்டினால் கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டும்.

பொங்கோலில் இருக்கும் என் தங்கை கதவே வைக்கவில்லை. திறந்த சமையலறை, நடுவில் கல் மேடை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அவள் வீட்டுப் புகைபோக்கி வெளியே குழாய் விட்டது அல்ல. காற்றை இழுத்துக் கரி வடிகட்டி வழியாக அதே அறைக்குத் திருப்பி விடும் வகை. வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அவள் எப்போது மாற்றினாள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். சோபாவில் உட்கார்ந்தால் போன வாரம் என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம் அல்லவா, அது கூடத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு அவள் சமையலை மேற்பார்வை பார்க்கிறது. தீபாவளிக்கு முறுக்கு சுட்ட அன்று மூன்று முறை அலறியது. மச்சான் நாற்காலி மேல் ஏறி நின்று முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

அக்கம்பக்கத்தாரை நினைத்துப் பயப்பட வேண்டாம். குழம்பு வாசத்தைப் பற்றிய ஓர் அண்டை வீட்டுத் தகராறு செய்தியானதும், 2011 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பார்க்காமல் பலரும் வீட்டில் குழம்பு வைத்த ஊர் இது. எங்கள் எதிர்வீட்டுச் சீன மூதாட்டி மீன் குழம்பு நாளில் வாசலில் நின்று விசாரிப்பார், கிண்ணத்தோடு. முறையிடுவது நம் வீட்டுத் திரைச்சீலைதான்.

இனி, பழுது பார்த்த கதை. நடு கண்ணாடி ஒரு மாதமாகவே முனகிக்கொண்டிருந்தது. சத்தத்தை நிறுத்தலாம் என்று நான் நல்லெண்ணெய் விட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் நின்றுவிட்டது. வந்தவர் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் வந்துபோகும் சீனர், அறுபதை நெருங்கியவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய்தான். கண்ணாடியைத் தூக்கிச் சாய்த்து, அடியிலிருந்து உருளையைக் கழற்றி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "இது சாப்பிடுகிற எண்ணெய் ஆயிற்றே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அச்சைச் சுற்றி நீளமான தலைமுடி நூற்கண்டுபோல் இறுகியிருந்தது. அதன் மேல் எண்ணெயும் கோதுமை மாவும் சேர்ந்து பிசினாகி, அதில் கடுகு பதிந்திருந்தது. பிளாஸ்டிக் சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்து வட்டமே போய்விட்டது. எண்ணெய் எதுவும் கூடாது, தூசியைப் பிடிக்கும், சிலிக்கோன் தெளிப்பான் மட்டும் போதும் என்றார். இதை 2018இல் யாராவது சொல்லியிருந்தால் 190 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

பிறகு மூன்றாவது பள்ளத்தின் கடைசி மூலையை ஒரு திருப்புளியால் கிளறினார். பருப்பு, கறிவேப்பிலைக் காம்பு, ஒரு பொத்தான், அவற்றோடு மஞ்சளாக ஒன்று வந்தது. மனைவியின் தோட்டுத் திருகாணி. காணாமல் போய் இரண்டு ஆண்டுகள். அப்போது சோபாவைப் புரட்டினோம், மெத்தையை உதறினோம். தேக்காவுக்குப் போய்ப் புதுத் திருகாணியும் வாங்கியாகிவிட்டது. அவள் அதைக் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்தவருக்குக் காப்பி இரண்டாவது முறையும் கிடைத்தது.

அந்த நல்ல வேளையைப் பார்த்து, மேலிருந்து தொங்கும் கதவாக மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்குத் தரையில் பள்ளம் தேவையில்லை, சிறிய வழிகாட்டி ஒன்று போதும். கீழே கொஞ்சம் இடைவெளி இருக்கும், வாசம் கசியும். மேலே விட்டம் இருப்பதால் பாரம் தாங்கும், பட்டையைப் பெயர்த்த இடத்தில் தரை ஓடு ஒட்டிவிடலாம், 1,200 வெள்ளி என்றார். கூடத்திலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு 81 வயது. அவருக்கு அது தண்டவாளம் இல்லை, நிலைப்படி. இடித்த வாசலில் இருந்த மரப்படிக்கு என்ன மரியாதை செய்தாரோ, அதையே இந்த அலுமினியத்துக்கும் செய்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்து, கருப்புப் பட்டையின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பார். மஞ்சள் பள்ளத்தில் இறங்கிக் காய்ந்துவிடும், ஞாயிறன்று என் பிரஷ் மஞ்சளாகத்தான் வெளியே வரும். பேரப்பிள்ளைகள் அதன் மேல் நின்றால் அதட்டுவார். கொஞ்சம் உயர்ந்து நிற்கும் அந்தப் பட்டையில் எங்கள் வீட்டில் ஒருவரும் இதுவரை தடுக்கவில்லை என்றால் அதற்கு அவர்தான் காரணம். விருந்தாளிகள் மட்டும் தவறாமல் தடுக்குகிறார்கள். "பொட்டு வைத்த நிலையைப் பெயர்ப்பார்களா?" என்று கேட்டார். 1,200 வெள்ளியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

ஆகவே தம்பி, போடாதீர்கள். வாசம் வராது, வெளிச்சம் வரும், 7 ஆண்டில் ஒரு கண்ணாடிகூட விரிசல் விடவில்லை, எல்லாம் உண்மை. இருந்தாலும் போடாதீர்கள். கழகத்தின் விதிப்படி புது வீட்டில் குளியலறை ஓடுகளை 3 ஆண்டுகளுக்குத் தொட முடியாது, அந்தப் பணம் கையில் சும்மா இருக்கிறது என்றீர்கள். அப்படியானால் தொங்கும் கதவுக்கே கொடுங்கள். அதற்கு முன் தலைக்கு மேலே அதைத் தாங்க விட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், பொய்க்கூரையில் மாட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் வாசம் கசிந்தால் கசியட்டும். உங்கள் மாமியார் வாரத்துக்கு இரண்டு முறை நெத்திலி பொரிப்பவர் என்றால் மறுபடியும் என்னிடம் வாருங்கள், யோசிப்போம்.

இன்று காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன், வேலை எதுவும் இல்லாமலே கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். ஓடிப் போய் நின்றது. இன்னொரு முறை தள்ளினேன். 'டக்.'

உருளை மாற்றி ஐந்தே நாள்.