ஐந்து கட்டை, இரண்டு மைக், ஒரு சிவப்புப் பெட்டி

ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மூன்றாம் தலைமுறை. 2020 கடைசியில் வாங்கியது, ஐந்து வருடம் ஓடிவிட்டது. வாங்குவதற்கு முன் ஒரு மாதம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நான்கைந்து ஆடியோ இன்டர்ஃபேஸ்களின், அதாவது மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டிகளின், விவரப் பட்டியலை ஒப்பிட்டேன். 192 கிலோஹெர்ட்ஸ் உண்டா, 24 பிட்டா, டைனமிக் ரேஞ்ச் எத்தனை டெசிபல் என்று நோட்டுப் போட்டு எழுதிவைத்தேன். அந்த நோட்டில் பிற்பாடு எனக்கு உதவிய எண் ஒன்றே ஒன்றுதான், அதற்கு வருகிறேன். என்னை நிஜமாகவே படுத்தி எடுத்த விஷயங்கள் எந்த அட்டைப்பெட்டியிலும் அச்சாகியிருக்கவில்லை.

எங்கள் வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலம், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அக்கா பாடுவாள், வீணையும் வாசிப்பாள். அவள் பையன் மிருதங்கம். எனக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது என்பதால் பதிவு செய்யும் வேலை என் தலையில். விண்டோஸ் லேப்டாப், ரீப்பர் மென்பொருள். கிட்டார், கீபோர்டு வைத்து வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

இன்டர்ஃபேஸ் இல்லாமலே சமாளிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கினேன், அக்காவுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று. ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டுமே ஒலியை வினாடிக்கு 48 ஆயிரம் தடவை அளக்கிறேன் (48 கிலோஹெர்ட்ஸ்) என்று சொல்லிக்கொண்டாலும் ஒன்று துளி வேகம், ஒன்று துளி மெது. முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. பத்து நிமிட ராகம் தானம் பல்லவி முடியும்போது பாட்டும் மிருதங்கமும் லேசாக விலகியிருக்கும். ஒரே பெட்டிக்குள் இரண்டு மைக்கும் போனால் ஒரே கடிகாரம், இந்தப் பிரச்சினையே பிறக்காது. இரண்டு பேரைச் சேர்த்துப் பதிய இன்டர்ஃபேஸ் வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்து ஒரு மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு அக்காவை முதலில் பதிந்து, அதைக் கேட்டபடி பையனை வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் மிருதங்கம் பின்தங்கியது. "காலப்பிரமாணம் இழுக்குதுடா, கவனிச்சு வாசி" என்று இரண்டு வாரம் அவனைத் திட்டியிருக்கிறேன். அவன் சரியாகத்தான் வாசித்திருக்கிறான். விண்டோஸின் சாதாரண டிரைவர் வழியாகப் பாட்டு ஹெட்போனுக்குப் போய்ச் சேரவும், அவன் வாசித்தது உள்ளே வரவும் ஆன தாமதத்தை மென்பொருளால் சரியாகக் கணக்கிட முடியவில்லை. ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஏசியோ முறையில் டிரைவரே தன் தாமதத்தை மென்பொருளுக்குச் சொல்லிவிடுகிறது. ரீப்பர் அந்த அளவுக்கு டிராக்கை முன்னால் நகர்த்தி வைத்துக்கொள்கிறது. சிவப்புப் பெட்டி வந்த முதல் நாளே மிருதங்கம் சமத்தில் வந்து விழுந்தது. மருமகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மாமா" என்று சொல்லிவிட்டு இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

இந்தத் தாமதம், அதாவது லேட்டன்சி, பற்றி அதற்குமேல் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் அளவுகளின் எண்ணிக்கை) 256 என்றால் ஒரு பக்கத்துக்கு 5.8 மில்லிசெகண்ட். போய் வர இரண்டு பக்கம், டிரைவரின் பங்கு கொஞ்சம் என்று பதினைந்து வரை போகலாம். சத்தம் காற்றில் ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, மிருதங்கக்காரரைப் பாடகரிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி உட்கார வைத்தது போல. மிருதங்கம் இதைத் தாங்கிவிடும், பாடுகிறவர்களால்தான் முடியாது. தன் குரல் மண்டைக்குள்ளும் ஹெட்போனிலும் துளி இடைவெளியில் இரண்டு முறை கேட்டால், குழாய்க்குள் நின்று பாடுவது போல இருக்கிறது என்பாள் அக்கா. அதற்கு டைரக்ட் மானிட்டர் பொத்தான். மைக்கின் ஒலி லேப்டாப் வழியாகச் சுற்றாமல் பெட்டியிலிருந்தே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். அதிலும் நான் ஒரு கூத்து அடித்தேன். அந்தப் பொத்தானில் மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு நிலை உண்டு. ஸ்டீரியோதானே உசத்தி என்று அதிலேயே வைத்திருந்தேன். முதல் மைக் இடது காதுக்கு மட்டும், இரண்டாவது வலது காதுக்கு மட்டும் போகும் என்று புரிய ஒரு சாயங்காலம் ஆனது. "என்னடா இது, ஒரு பக்கம் காது அடைச்ச மாதிரி இருக்கு" என்று அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள்.

இந்தப் பெட்டியில் நேர் ஒலியையும் லேப்டாப் ஒலியையும் கலக்கும் தனித் திருகு கிடையாது. அக்காவுக்குத் தம்புரா குறைவாக வேண்டுமென்றால் ரீப்பருக்குள் போய்த் தம்புரா டிராக்கைக் குறைக்க வேண்டும். எஸ்எஸ்எல் 2, மோட்டு எம்4 போன்ற வேறு கம்பெனிப் பெட்டிகளில் இதற்கென்றே ஒரு திருகு இருக்கிறது. கடையில் பார்க்கும்போது அற்பமாகத் தெரிந்தது. ஒரு அமர்வில் முப்பது முறை எழுந்து போன பிறகு அற்பமாகத் தெரியவில்லை.

இப்போது அந்த ஒரு எண். கெயின், அதாவது மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெட்டி எவ்வளவு பெருக்கும் என்பது, 56 டெசிபல்.

வீட்டில் ஒரு பழைய ஷூர் எஸ்எம்58 இருந்தது, அதையே மாட்டினேன். மேடையில் வாயருகே பிடித்துப் பாட அது அருமையான மைக். ஆனால் அக்கா கச்சேரி பாணியில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, ஆலாபனையில் மந்தர ஸ்தாயிக்கு இறங்கிக் குரலைச் சுருக்கும்போது கெயின் திருகைக் கடைசிவரை திருப்பியும் அலை ஒரு கோடாகத்தான் எழுந்தது. பிறகு மென்பொருளில் ஏற்றினால் கூடவே 'உஸ்' என்ற இரைச்சல். ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 என்ற கண்டென்சர் வகை மைக் வாங்கியதும் திருகு நடுவிலேயே நின்றது. காரணம் எளிது. ஒரே அளவு சத்தத்துக்கு எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட், ஏடி2020 தருவது 14.1. ஏழு மடங்குக்கும் மேல். கண்டென்சருக்கு ஃபேன்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் மின்சாரம், வேண்டும், அதைப் பெட்டியே கொடுத்துவிடும். எஸ்எம்58, அதைவிட மெல்லிய சிக்னல் தரும் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்கில் மெதுவாகப் பாடுகிறவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2023இல் வந்த நான்காம் தலைமுறை 2ஐ2இல் இதை 69 டெசிபலாக உயர்த்தியிருக்கிறார்கள்.

கண்டென்சர் எல்லாவற்றையும் கேட்கும் என்பது மறுபக்கம். மின்ரயில், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், ஆடி மாதத்து ஒலிபெருக்கி எதையும் விடாது. ராத்திரி பத்தரைக்கு மேல்தான் பதிவு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மே மாதத்திலும்.

192 கிலோஹெர்ட்ஸை ஐந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். இரண்டு டிராக், ஒரு மணி நேரம், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ ஒரு ஜிபி. 192இல் நான்கு ஜிபி. என் காதுக்கும் அக்கா காதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, லேப்டாப்பின் விசிறிக்கு மட்டும் தெரிந்தது. ஆனால் வேகத்தை எங்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். 48 ஆயிரத்தில் பதிந்ததை ஒரு நிரல் 44.1 ஆயிரம் என்று எண்ணிக்கொண்டு வாசித்தால் சுருதி ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். ஐந்து கட்டையில் பாடினவள் நாலுக்கும் நாலரைக்கும் நடுவே எங்கேயோ பாடிக்கொண்டிருப்பாள்.

24 பிட் மட்டும் வீண் பெருமை இல்லை. பதிவின் அடிமட்ட இரைச்சல் அவ்வளவு கீழே இருப்பதால் அளவைப் பயமில்லாமல் குறைத்துப் பதியலாம். மிருதங்கத்தில் 'நம்' எங்கே வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. கெயின் திருகைச் சுற்றிய வளையம் பச்சையிலிருந்து சிவப்பானால் அந்த அடி போயிற்று, திரும்ப வராது. தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையை அவனிடம் முன்கூட்டியே முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லி, அதன் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்குக் கீழே நிற்கும்படி வைப்பேன்.

கரண்டு விஷயத்துக்கு வருகிறேன். வந்த முதல் வாரம் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். பெட்டிதான் கோளாறு என்று திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அடங்கியது. லேப்டாப் ஒரு வழியாகவும் ஸ்பீக்கர் இன்னொரு வழியாகவும் எர்த்தைத் தொட்டு, நடுவில் ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. நான் ஸ்பீக்கருக்குப் போட்டிருந்தது முனையில் இரண்டு தொடுபகுதி உள்ள மோனோ கேபிள். ரிச்சி தெருவுக்குப் போய் மூன்று தொடுபகுதி உள்ள டிஆர்எஸ் கேபிள் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். சார்ஜர் இருந்தும் ரீங்காரம் போய்விட்டது. பெட்டியின் பின்பக்க அவுட்புட்டுகள் அந்தக் கேபிளுக்காகவே செய்யப்பட்டவை, நான்தான் சில நூறு ரூபாய்க்குக் கஞ்சத்தனம் பார்த்தேன்.

இரண்டாவது சத்தம் வீணையில் மட்டும் வந்தது, 'ஜிர்ர்' என்று. பதிவு அறையில் விசிறி நின்றிருந்தது. அடுத்த அறையில் அத்திம்பேர் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை இரண்டில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வகை ரெகுலேட்டர் மின் அலையை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு வீணையில் ஒட்டிய கான்டாக்ட் மைக்கின் மெல்லிய வயரில் ஏறிவிடுகிறது. ஐந்தில் வைத்தால் சத்தம் இல்லை. அவருக்குத்தான் குளிர். மின்வெட்டில் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டால் அதைவிட மோசம். எங்கள் இன்வெர்ட்டர் தருவது சதுர அலை, அந்த நேரத்தில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு லேப்டாப் பேட்டரியில் ஓட்டுவேன். சுவர் மின்சாரமே கேட்காமல் யூஎஸ்பியிலிருந்தே ஓடும் பெட்டி என்பதன் அருமை அப்போது தெரியும். கைக்கு வந்த ஹப்பில் மட்டும் செருகாதீர்கள், லேப்டாப்பின் சொந்த ஓட்டையில் நேராகச் செருகுங்கள்.

அதே கான்டாக்ட் மைக்கால் இன்னொரு பாடமும் கிடைத்தது. அதை ஏற்கெனவே இருந்த ஒரு மாற்றுக் கேபிள் வழியாக மைக் இன்புட்டில் கொடுத்தபோது வீணை தகர டப்பா போலக் கேட்டது. மந்தரத் தந்தியின் கனம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கான்டாக்ட் மைக்குக்குள் இருப்பது அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வில்லை. அதற்கு எதிரே மிக உயர்ந்த மின்தடை, பத்து லட்சம் ஓம் அளவில் வேண்டும். மைக் இன்புட்டில் இருப்பது சில ஆயிரம் ஓம்தான். அதில் மாட்டினால் கீழ் ஸ்தாயி அப்படியே வடிந்துவிடும். ஜாக்கில் செருகி, கிட்டாருக்கென்று வைத்திருக்கும் 'இன்ஸ்ட்' பொத்தானை அழுத்தினேன். "ஆங், இதுதாண்டா என் வீணை" என்றாள் அக்கா. இப்போது குடத்துக்கு எதிரே ஏடி2020, தந்தியைத் தாங்கும் குதிரையருகே கான்டாக்ட் மைக், இரண்டையும் கலந்து வைப்பதே எங்கள் வழக்கம்.

'ஏர்' என்று ஒரு பொத்தான் உண்டு. பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவுக்காக உருவான ஐஎஸ்ஏ ப்ரீஆம்ப்பின் (மைக் சிக்னலைப் பெருக்கும் கருவி) சாயலைக் கொடுக்கிறதாம், மேல் அலைவரிசையைத் தூக்கும். வீணையின் மீட்டுக்கு நன்றாக இருக்கிறது. அக்காவின் 'ச'வும் 'ஸ'வும் சீறுகின்றன. குரலுக்கு அணைத்தே வைத்திருக்கிறேன்.

கொரோனா காலத்தில் தொடங்கிய ஆன்லைன் வகுப்புக்கும் இதே பெட்டிதான். இரண்டு இன்புட்டையும் விண்டோஸ் ஒரு ஸ்டீரியோ ஜோடியாகப் பார்ப்பதால் சில செயலிகளில் டீச்சர் குரல் இடது காதில் மட்டும் வருகிறது என்று மாணவிகள் சொன்னார்கள். லேப்டாப்பில் ஓடும் பாட்டையும் சேர்த்து அனுப்பும் லூப்பேக் வசதி நான்காம் தலைமுறையில் உண்டு, மோட்டு எம்2இலும் உண்டு. பாடம் எடுப்பதே முக்கிய வேலையென்றால் அவற்றைப் பாருங்கள்.

நான் தப்புக் கணக்குப் போட்டது இன்புட் எண்ணிக்கையில். மிருதங்கத்தை ஒரு மைக்கில் எடுத்தால் வலப்பக்கத்து வலந்தலை மட்டும் துல்லியமாக வரும், இடப்பக்கத்துத் தொப்பி மங்கும். இரண்டு மைக் வைத்து, ரீப்பரில் ஒன்றின் ஃபேஸை, அதாவது அலையைத் தலைகீழாக, திருப்பிப் பார்த்து, தொப்பியில் வரும் கும்கி நாதம் எந்த நிலையில் கனமாக நிற்கிறதோ அதை வைத்துக்கொள்வேன். அதற்கே இரண்டு இன்புட்டும் முடிந்துவிட்டது. அக்காவுக்கு இடமில்லை. ஆகவே அவள் பாடியதை முதலில் எடுத்து, அவன் பிறகு வாசிக்கிறான். தாளம் பிசகுவதில்லை. ஆனால் நிரவலில் அவள் ஒரு இடத்தில் நிற்கும்போது அவன் சிரிப்பதையும், அந்தச் சிரிப்பைப் பார்த்து அவள் அடுத்ததை மாற்றுவதையும் இப்படி எடுக்க முடியாது. "செத்த டிராக்கோட வாசிக்கிற மாதிரி இருக்கு மாமா" என்கிறான்.

நாலு மைக் இன்புட் உள்ளதாக, இரண்டு ஹெட்போன் துளையோடு, கலக்கும் திருகோடு ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன். கவனியுங்கள், 'நாலு இன்புட்' என்று போட்டிருக்கும் பல பெட்டிகளில் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான், மற்ற இரண்டும் மைக்கை நேராக மாட்ட முடியாத லைன் இன்புட். மோட்டு எம்4கூட அப்படித்தான். மார்கழிக்குள் வாங்கிவிட வேண்டும் என்று அக்கா நாள் குறித்துவிட்டாள். சிவப்புப் பெட்டி அவளுடைய வகுப்பு மேசைக்குப் போகிறது.