முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் செலவு: மேஜிக் அரீனா எப்படி?

1993-இல் அட்டையாக வந்த 'மேஜிக்: தி கேதரிங்' விளையாட்டின் கணினி வடிவம்தான் அரீனா. பதிவிறக்கம் இலவசம். ஆக்டிவேட்டட் எபிலிட்டிகளை, அதாவது செலவு கட்டி நாமே கிளப்பும் அட்டைத் திறன்களை, அது எப்படிக் கையாள்கிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் அதுதான்.

அட்டையின் வாசகத்தில் முக்காற்புள்ளி (:) இருந்தால் இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் பலன். செலவை உடனே கட்டிவிட வேண்டும். பலன் ஸ்டாக்கில், அதாவது நடக்கவேண்டியவை காத்திருக்கும் அடுக்கில், ஏறிக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் எதிராளி பதிலடி கொடுக்கலாம், ஆனால் கட்டிய செலவைத் தடுக்க முடியாது. மானா (செலவு கட்டப் பயன்படும் சக்தி) தரும் எபிலிட்டிகள் மட்டும் பொதுவாக ஸ்டாக்கைத் தொடாமல் அப்போதே நடந்துவிடும்.

விதிகளை அரீனா கறாராகக் காக்கிறது. லானோவார் எல்வ்ஸ் என்ற உயிரின அட்டை, டேப் செய்தால் (பக்கவாட்டில் திருப்பினால்) மானா தரும். அது இறங்கிய டர்னிலேயே அதை டேப் செய்யப் பார்த்தால் விடாது. கவுன்டரை எடுத்து அடிக்கும் வாக்கிங் பலிஸ்டா என்ற உயிரினத்துக்கு அந்தத் தடை இல்லை, ஏனென்றால் அதன் செலவில் டேப் குறியே கிடையாது. புத்தகத்தில் நாலு முறை படித்தும் பிடிபடாத இந்த வித்தியாசம் இங்கே ஒரே ஆட்டத்தில் புரிந்துவிடும்.

பலிஸ்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே அதன் பலத்தைக் கூட்டும் இரண்டு கவுன்டர். எதிராளி அதைக் குறிவைத்து ஷாக் என்ற தாக்கும் அட்டையைப் போடுகிறார், 2 டேமேஜ். அரீனா நின்று உங்களைக் கேட்கும். ஒரு கவுன்டரை எடுத்தால் அவருக்கு 1 டேமேஜ். அடுத்ததையும் எடுத்தால் பலிஸ்டா 0/0 (தாக்கும் பலமும் தாங்கும் பலமும் பூஜ்யம்) ஆகிச் செத்துவிடும். ஆனாலும் அந்த இரண்டாவது டேமேஜ் ஸ்டாக்கில் நிற்கும், போய்ச் சேரும். அடிக்க ஆளில்லாமல் ஷாக் வீண். அட்டை போனாலும் கிளப்பிய எபிலிட்டி போகாது என்பது திரையில் கண்ணெதிரே தெரிகிறது.

குறை என்னவென்றால், வேகத்துக்காக அரீனா உங்கள் வாய்ப்புகளைக் கேட்காமலே தாண்டிவிடும். நீங்கள் கிளப்பிய எபிலிட்டிக்கு மேல் நீங்களே இன்னொன்றை ஏற்ற வேண்டும், அதாவது அதை நகலெடுக்கும் அட்டை கையில் இருக்கிறது என்றால், முதலில் கன்ட்ரோல் விசையை அழுத்தி 'ஃபுல் கன்ட்ரோல்' போட வேண்டும். ஷிஃப்ட்டும் சேர்த்து அழுத்தினால் அது நிலைத்து நிற்கும். மறந்தால் முதல் எபிலிட்டி முடிந்தேபோகும். எதிராளியின் அப்கீப்பில், அதாவது அவர் டர்னின் தொடக்கக் கட்டத்தில், எதையாவது டேப் செய்ய நினைத்தால், அந்தக் கட்டத்தின் சின்னத்தைச் சொடுக்கி ஆட்டம் அங்கே நிற்கும்படி முன்கூட்டியே ஸ்டாப் வையுங்கள். ஃபுல் கன்ட்ரோலை எந்நேரமும் வைத்திருப்பதும் சரிவராது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சொடுக்கிக்கொண்டே இருந்தால் உங்கள் நேரம் தீர்வதைக் காட்டும் திரி எரியத் தொடங்கிவிடும். இன்னொன்று: ஆட்டம் ஒரு நொடி தயங்கினாலே உங்களிடம் ஏதோ இருக்கிறது என்று எதிராளி மோப்பம் பிடித்துவிடுவார்.

மானாவுக்காக நில அட்டைகளைத் தானே தேர்ந்து டேப் செய்யும் தானியங்கி டேப்பரை முழுசாக நம்ப வேண்டாம். அட்டை போடும்போது அது நீல நிலத்தைச் செலவழித்துவிட்டால், நீல மானா கேட்கும் எபிலிட்டி அந்த டர்னுக்கு அவ்வளவுதான். இரண்டு நிற டெக்கில் முதலில் வேண்டிய நிலங்களை நீங்களே சொடுக்கி மானா எடுத்துக்கொண்டு, அப்புறம் அட்டையை இறக்குங்கள். தவறான நிலத்தைத் தொட்டுவிட்டால், அட்டையை இறக்கும் முன் இசட் விசையை அழுத்தினால் திரும்பிவிடும்.