தீக்குச்சிக்கும் தேசம் உண்டு: 'தி கூன் ஷோ'வின் ஒரு எபிசோடு

1951 முதல் 1960 வரை பிபிசி வானொலியில் ஒலிபரப்பான நகைச்சுவைத் தொடரான 'தி கூன் ஷோ'வை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யாரேனும் கேட்டால், 1954 அக்டோபர் 12 அன்று ஒலித்த 'தி டிரெட்டட் பேட்டர் புட்டிங் ஹர்லர்' என்ற அரை மணி நேர எபிசோடைத்தான் சொல்வேன். கதை நடப்பது 1941இல், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பெக்ஸ்ஹில் நகரில். போர்க்கால விளக்கணைப்பு உத்தரவால் ஊரே இருண்டு கிடக்கையில், யாரோ ஒருவன் மறைந்து நின்று கடற்கரையில் நடப்பவர்கள் மீது பேட்டர் புட்டிங்கை வீசுகிறான். கிழவர் ஹென்றி கிரனுடன் நடந்து வரும் மின்னி பானிஸ்டர் அடி வாங்குகிறார். துப்புத் துலக்க நெட்டி சீகூன் வருகிறார்.

பெயரில் புட்டிங் இருந்தாலும் அது இனிப்புப் பண்டம் அன்று. மாவு, முட்டை, பால் ஆகியவற்றைக் கரைத்து அடுப்பில் சுட்டு, இறைச்சியோடு உண்பது. பிரிட்டனில் 1941இல் முட்டைக்கும் ரேஷன் வந்துவிட்டது. இறைச்சிக்கான கடைசிக் கட்டுப்பாடு நீங்கியதோ 1954 ஜூலையில், இந்த எபிசோடு ஒலிபரப்பாவதற்கு மூன்று மாதங்கள் முன்புதான். அடிபட்டவரின் காயத்தைவிட வீணாய்ப்போன முட்டைக்காக மனம் பதைத்திருக்கக்கூடிய ஒரு கூட்டம் ஒலிப்பதிவு அரங்கில் உட்கார்ந்து சிரித்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால், குற்றத்தின் கனம் சட்டென்று விளங்கும்.

இந்த எபிசோடின் உச்சம் தீக்குச்சிக் காட்சி. இருட்டில் தடயம் தேட வெளிச்சம் வேண்டும். ஆனால் குச்சியைக் கொளுத்தினால் கடலுக்கு அப்பாலுள்ள ஜெர்மானியர்கள் கண்டுகொள்வார்களே என்ற தயக்கம். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு குச்சியின் சுடர் தெரியவா போகிறது என்று உரசுகிறார்கள். உடனே குண்டு வந்து விழுகிறது. அடுத்து, கைவசம் ஜெர்மன் தீப்பெட்டி ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது. தங்கள் நாட்டுக் குச்சியை அவர்களே சுடமாட்டார்கள் அல்லவா? அதையும் உரசுகிறார்கள். மறுபடியும் வெடி. இம்முறை எழும் சாபம் பிரிட்டிஷ்காரர்கள் மீது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் தர்க்கத்தில் ஓர் இம்மிகூடப் பிசகாத பைத்தியக்காரத்தனம். திரைப்படத்தில் இதை எடுத்திருந்தால் பாதிச் சிரிப்பு போயிருக்கும்; வானொலியில் கேட்பவரும் அந்த மனிதர்களோடு சேர்ந்து இருட்டில்தானே நிற்கிறார்!

இதை எழுதிய ஸ்பைக் மில்லிகன் போரில் பீரங்கிப் படை வீரராக இதே பெக்ஸ்ஹில்லில் தங்கியிருந்தவர். பின்னர் வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர். சீகூனின் துப்பறிதலும் பெக்ஸ்ஹில்லில் தொடங்கி ஆப்பிரிக்காவுக்கே போய்ச் சேர்வது தற்செயலாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கரையில் குளிரில் நின்ற ஒரு சிப்பாயின் சலிப்பு இந்தக் கேலிக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. நடுவே மாக்ஸ் கெல்ட்ரேயின் ஹார்மோனிகாவும் ரே எலிங்டன் குழுவின் பாட்டும் வந்து கதையை நிறுத்திவிடுகின்றன. தனியாகக் கேட்டால் நல்ல இசைதான், ஆனால் கொலைவெறியோடு புட்டிங் பறக்கும்போது யாருக்கு அதில் மனம் செல்லும்? கப்பல் பயணம் தொடங்கிய பிறகு வேகம் தளர்கிறது. உச்சரிப்பை நம்பிய சில சிலேடைகள் இரண்டாம் முறை கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டன. பீட்டர் செல்லர்ஸும் மில்லிகனும் ஆளுக்குப் பல குரல்களில் பேசுவதால், யார் யாரென்று முதலில் குழம்புவதும் இயல்பே. சீகூனாக வரும் ஹாரி சீகம்பின் கணீர்க்குரலை மட்டும் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

முடிவை முன்பே தெரிந்துகொள்வதால் எந்த நட்டமும் இல்லை. நடுக்கடலில் உயிர்காப்புப் படகு, பசி, உண்ணக்கூடியதாக எஞ்சியிருப்பதோ சாட்சிப் பொருளான ஒரே ஒரு புட்டிங். தின்றால் வழக்கு போயிற்று. தின்னாவிட்டால் உயிர் போயிற்று. இதைத் தீர்த்துவைக்காமல், சுபமான முடிவை விரும்பும் நேயர்களுக்கென்று தனியே ஒன்றைத் தருகிறார்கள். என்னை மணந்துகொள்வாயா அன்பே என்று சீகூன் உருகுகிறார். சம்மதம் சொல்லும் குரல், தொடரின் இன்னொரு ஆண் பாத்திரமான மேஜர் பிளட்நாக்குடையது.